காட்டுப் பணத்துக்குக் காவல்: சிஏஜி அறிக்கைகள் எந்த அளவுக்கு உதவும்?

சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ காட்டை எடுத்துக்கொள்பவர்கள், அதற்கு ஈடாக வேறு இடத்தில் மரம் வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். துறைக்காரர்கள் ‘காம்பா’ என்று சொல்லும் இந்த நிதியில் 2012 மார்ச் வாக்கிலேயே 23,600 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிட்டது. குழி வெட்டுவது, கன்று நடுவது, பிழைத்ததை எண்ணுவது, செலவுக் கணக்கு எழுதுவது எல்லாமே வனத்துறைதான். வெளியாள் ஒருவர் வந்து அந்தப் பதிவேடுகளைப் புரட்டாவிட்டால் எது நட்டது, எது எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அந்த வேலைக்கு இருப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சிஏஜி. அவர் அலுவலகம் வெளியிடும் செயல்திறன் தணிக்கை அறிக்கைகளைத்தான் (கணக்கு சரியா என்பதோடு, செலவுக்குப் பலன் வந்ததா என்றும் பார்ப்பவை) இங்கே எடை போடுகிறோம். விலை கிடையாது, சிஏஜி இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

முதலில் இதன் பலம். அரசியலமைப்பின் 148ஆவது பிரிவில் வரும் பதவி இது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே முறையில்தான் இவரையும் நீக்க முடியும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, தணிக்கைக்குத் தேவையான கணக்கு, பதிவேடு எதையும் கேட்டு வாங்கலாம். எனவே நடவுப் பதிவேடு, கூலிப் பட்டியல், ரசீது எல்லாம் மேசைக்கு வருகின்றன. பிறகு துறை அலுவலர்களோடு சேர்ந்தே களத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள். இந்தக் கூட்டுக் கள ஆய்வுதான் அறிக்கையின் உயிர். அலுவலரும் உடன் நின்று பார்த்ததைப் பின்னால் மறுப்பது கடினம்.

2013ஆம் ஆண்டின் 21ஆம் எண் அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 முதல் 2012 வரை, எடுத்த காட்டுக்கு ஈடாக வனத்துறைக்கு வந்திருக்க வேண்டிய காடல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர். வந்தது 28,086 ஹெக்டேர், அதாவது 27 சதவீதம். அதில் மரம் நட்டது 7,280 ஹெக்டேரில் மட்டும்; வந்திருக்க வேண்டிய நிலத்தோடு ஒப்பிட்டால் வெறும் 7 சதவீதம். வாங்கிய நிலத்திலும் ஏறத்தாழ பாதிக்கு வனத்துறை பெயரில் பட்டா மாறவில்லை. இது ஏதோ எழுத்தர் வேலைத் தாமதம் என்று கடந்துபோகக் கூடாது. பட்டா மாறாத நிலம் வருவாய்த் துறை ஏட்டில் பழையபடியே கிடக்கும். நாளை வேறொருவருக்குப் போகலாம். நட்ட கன்றுக்குச் சட்டப் பாதுகாப்பே இருக்காது. போன காடு போனதுதான்.

உத்தராகண்ட் காம்பா பற்றிய அறிக்கை இன்னும் கிட்டத்தில் போகிறது. 13.86 கோடி ரூபாய் வேறு வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதாக அது சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஐபோன், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி, கட்டடப் புதுப்பிப்பு, நீதிமன்றச் செலவு எல்லாம் இருக்கின்றன. நட்டதில் பிழைத்தது 33 சதவீதம்தான். இருக்க வேண்டியது 60 முதல் 65. படிக்கும்போது வயிறு எரிகிறது.

இனி, வாசிக்கும் முறை. முன்னால் இருக்கும் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். முதல் அத்தியாயத்தில் எத்தனை மாவட்டம், எத்தனை வனக் கோட்டம், எந்த ஆண்டுகள் என்று மாதிரி விவரம் இருக்கும். அதைக் குறித்துக்கொண்ட பிறகே எண்களைத் தொடுங்கள். தேர்ந்தெடுத்த கோட்டங்களில் கண்ட தொகையை மாநிலம் முழுவதற்கும் பொருத்தி எழுதுவதுதான் செய்திகளில் அடிக்கடி நேரும் தவறு. அடுத்து ஒவ்வொரு பத்தியின் கடைசியையும் பாருங்கள். துறையின் பதில் அங்கேதான் இருக்கும். ‘பதில் ஏற்கத்தக்கதல்ல, ஏனெனில்’ என்று தொடங்கும் வரியில் வலுவான ஆதாரம் கிடைக்கும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ‘பலனற்ற செலவினம்’ என்றால் பணம் போனது, பயன் வரவில்லை. ‘தவிர்த்திருக்கக்கூடிய செலவினம்’ என்றால் நேரத்தோடு செய்திருந்தால் மிச்சமாகியிருக்கும். ‘நிதி திசைதிருப்பல்’ என்றால் வேறு தலைப்பில் செலவானது. அதற்கு ரசீதும் இருக்கலாம். ‘சந்தேகத்துக்குரிய கையாடல்’ என்று வந்தால்தான் மோசடியின் வாசலுக்கு வந்திருக்கிறோம். அங்கும் தணிக்கையாளர் யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. அது விசாரணை அமைப்புகளின் வேலை. திசைதிருப்பலைத் திருட்டு என்று எழுதிவிட்டால், துறை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் மறுத்துவிடும்.

பணம் செலவே ஆகாமல் கிடப்பதும் வீண்தான். கங்கையைத் தூய்மைப்படுத்தும் ‘நமாமி கங்கை’ திட்டம் பற்றிய 2017ஆம் ஆண்டின் 39ஆம் எண் அறிக்கையில் பாருங்கள்: தூய்மை கங்கை நிதியில் இருந்த 198.14 கோடி ரூபாய் 2017 மார்ச் வரை தொடப்படாமல் வங்கியில் இருந்தது.

பெரிய குறை, தாமதம். உத்தராகண்ட் தணிக்கை பார்த்தது 2019 முதல் 2022 வரையிலான கணக்கு. சட்டமன்றத்துக்கு வந்தது 2025 பிப்ரவரியில். சென்னைக்கும் இதே கதிதான். 2015 வெள்ளம் பற்றிய அறிக்கை அவையில் வைக்கப்பட்டது 2018இல். வைக்கும் தேதி அரசின் கையில் இருப்பதால் தணிக்கையாளர் முடித்த பிறகும் அறிக்கை அலமாரியில் தூங்கலாம். இதை மாற்றக் காலக்கெடு ஒன்று சட்டத்தில் வந்தே ஆக வேண்டும். இப்போதோ அறிக்கை வருவதற்குள் கன்று காய்ந்துவிடும், அதிகாரி மாற்றலாகியிருப்பார். தண்டிக்கும் அதிகாரமும் சிஏஜிக்கு இல்லை. அவை உறுப்பினர்களைக் கொண்ட பொதுக் கணக்குக் குழு, அறிக்கையின் பத்தியை எடுத்து விசாரித்தால்தான் அடுத்த அசைவு.

ஆதாரத்தின் நம்பகத்தில் ஐந்துக்கு ஐந்து தரலாம். வேகத்துக்கு ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. ஆனாலும் பயன்படுத்தத் தெரிந்தவர் கையில் இது கூர்மையான கருவி. அறிக்கை எண், பத்தி எண் இரண்டையும் குறிப்பிட்டு, பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் சம்பந்தப்பட்ட துறைக்கு எழுதுங்கள். ‘என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று ஒரு வரி வரும். நடவடிக்கைக் குறிப்பின் (தணிக்கைப் பத்திக்கு என்ன செய்தோம் என்று துறை எழுதி அனுப்புவது) நகல், அது அனுப்பப்பட்ட தேதி, திருப்பிச் செலுத்திய தொகைக்கான செலான் நகல், பட்டா மாற்ற உத்தரவின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.