கடற்கரையில் ஒரு இரவு: ரிசார்ட்டா, வாடகை வீடா?

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், முழங்கால் வலியோடு அம்மா. சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்புகிற கடற்கரைப் பயணம் இதுவரை நான்கு தடவை போயிருக்கிறோம். இரண்டு தடவை சாப்பாடு சேர்த்த ரிசார்ட், ஒரு தடவை ஊருக்குள் ஒரு லாட்ஜ், கடைசியாகச் சமையலறையோடு ஒரு வாடகை வீடு. அடுத்த தடவையும் வீடுதான் என்று முடிவாகிவிட்டது. ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

லாட்ஜை முதலில் முடித்துவிடுகிறேன். வாடகை குறைவு, கீழே இறங்கினால் சாப்பாட்டுக் கடைகள். ஆனால் கடலுக்குப் போக ஒவ்வொரு தடவையும் வண்டி எடுக்க வேண்டும். ஈரத் துணி, கால் நிறைய மணல், தூக்கக் கலக்கத்தில் அழுகிற பையன், இத்தனையோடும் ஒரு தடவை திரும்பி வந்தால் மறுபடி போக யாருக்கும் மனம் வராது. கடலுக்கென்று போய் இரண்டு நாளில் இரண்டே தடவைதான் காலை நனைத்தோம்.

மிச்சம் ரிசார்ட்டும் வீடும். நீச்சல் குளம், துடைத்து வைத்த அறை, ஏவினால் செய்ய ஆள் எல்லாம் ரிசார்ட்டில். இடவசதியும் தனிமையும் வீட்டில். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பணம் கட்டும்போது நாங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது நடுப்பகலை.

காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருக்கும். குடை விரித்துக்கொண்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. உலர்ந்த மணல் அதில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் திருப்பி மேலே அனுப்புகிறது, அலை நுரை 25 சதவீதம் வரை. உச்சி வெயிலில் மணலின் சூடு 50 டிகிரியைத் தாண்டுவது உண்டு. செருப்பைத் தொலைத்த பையனைத் தோளில் சுமந்த அப்பாக்களுக்கு இது புரியும். ஆக, அந்த நேரத்தில் குடும்பம் இருக்க வேண்டிய இடம் கூரைக்குக் கீழே.

இப்போது ரிசார்ட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே விடுவது பெரும்பாலும் மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. வெளியேறச் சொல்வது மறுநாள் பதினொன்று வாக்கில். ஒரே ஒரு இரவு தங்குகிறவருக்குச் சனிக்கிழமை உச்சி வெயிலிலும் அறை கிடையாது, ஞாயிறு உச்சி வெயிலிலும் அறை கிடையாது. எந்த நேரத்துக்கு அறை அவசியமோ அந்த நேரத்தைக் கச்சிதமாகக் கத்தரித்துவிட்டு, தூங்குகிற நேரத்தைக் கையில் கொடுக்கிறார்கள். இரண்டாவது தடவை போன ரிசார்ட்டில் ஞாயிறு பதினொன்றே காலுக்கு வரவேற்பறை சோபாவில் அம்மா உட்கார்ந்திருக்க, நனைந்த டவுசரோடு பையன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று மணி நேரம் கூடுதலாகக் கேட்டதற்கு அரை நாள் வாடகை கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்து வருகிறவருக்காக அத்தனை அறைகளையும் சுத்தம் செய்தாக வேண்டுமே.

வாடகை வீட்டில் இது பேச்சுவார்த்தைக்கு உட்பட்டது. எங்களுக்கு முந்தைய இரவு வீடு காலி. அதனால் சனி பதினொரு மணிக்கே உள்ளே போனோம். ஞாயிறு இரவு யாரும் வரவில்லை என்பதால் மாலை ஐந்து வரை இருக்கச் சொன்னார் வீட்டுக்காரர். இரண்டு நடுப்பகலும் மின்விசிறிக்குக் கீழே கழிந்தன. ஒரு தடவைதான் வீட்டில் தங்கியிருக்கிறோம், எங்களுக்கு அதிர்ஷ்டம் கூடியிருக்கலாம். விடுமுறைக் கூட்டத்தில் எந்த வீட்டுக்காரரும் இப்படி விட்டுக்கொடுக்க மாட்டார். பணம் கட்டுவதற்கு முன்பே நேரத்தைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில ரிசார்ட்டுகளும் ஞாயிறு கூட்டம் வடிந்ததும் இறங்கி வரக்கூடும், கேட்பதில் நஷ்டமில்லை.

சாப்பாட்டையும் இதே கடிகாரம்தான் ஆள்கிறது. குழந்தைகளோடு கடலில் இருக்க நல்ல நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை. ரிசார்ட்டில் காலைச் சாப்பாடு வைப்பதும் கிட்டத்தட்ட அப்போதுதான், பத்து மணிக்கு மூடிவிடுகிறார்கள். நாற்பது வகை பண்டம் அங்கே காத்திருக்கிறது என்ற நினைப்பே அலையிலிருந்து நம்மை இழுத்து வந்துவிடும். கடலுக்கோ நம் மணிக்கூண்டு பொருட்டே இல்லை. நீர் வடியும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சனி ஏழு மணிக்கு நண்டு துரத்திய ஈர மணல் ஞாயிறு ஏழு ஐம்பதுக்குத்தான் வெளியே வரும். வீட்டில் வேகவைத்த முட்டை, ரொட்டி, பழம், அவ்வளவுதான். எட்டரைக்கும் சாப்பிடலாம், பத்தரைக்கும் சாப்பிடலாம்.

மதியம் கரையோரக் கடையில் சாப்பிடுவது கேட்க நன்றாக இருக்கும். தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும், தட்டில் மணல் விழும். பையன் இரண்டு வாயோடு எழுந்துவிட்டான். வாங்கியதைக் கட்டிக்கொண்டு வந்து சாயங்காலம் சாப்பிடலாம் என்றும் நினைக்காதீர்கள். சமைத்ததை வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். வீட்டில் ஒரு குளிர்பெட்டி இருந்தது, அதற்கே வாடகையில் பாதி தகும்.

ஒரு எச்சரிக்கை, மீனைப் பற்றி. கரையில் விற்கிறது என்பதற்காகப் புதிது என்று அர்த்தமில்லை. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை பிடித்த பிறகு வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அதில் சேரும். அது கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து தலைவலியும் வாந்தியும் வரும். பனிக்கட்டியில் புதைத்து வைத்திருக்கிற ஆளிடம் மட்டும் வாங்கினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளியே போனோம், கூட்டம் இருந்த இடமாகப் பார்த்து. சரக்கு தேங்காது என்ற ஒரே காரணம்தான்.

வீட்டுக்கு எதிரான பெரிய வாதம் என் மனைவியுடையது. சாவி வாங்கி உள்ளே நுழைந்ததும் அடுப்பைப் பார்த்தவள், "இது லீவா, இல்லை அடுப்படி மட்டும் இடம் மாறியிருக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. இரண்டு நாளும் சமையலும் பாத்திரமும் நான் என்று அந்த இடத்திலேயே ஒப்பந்தமானது. அந்த ஒப்பந்தத்துக்கு ஆள் இல்லாத குடும்பம் தயங்காமல் ரிசார்ட்டுக்கே போகலாம்.

கைக்குழந்தையோடு நாங்கள் எங்கும் போனதில்லை, அந்தக் கணக்கு வேறாக இருக்கலாம். கடலைப் பொறுத்தவரை, எங்கே தங்கினாலும் "கடல் தெரியும்" என்பதும் "கடலில் இறங்கலாம்" என்பதும் வேறு வேறு. நாங்கள் தங்கிய ஒரு ரிசார்ட்டின் முன்னால் இருந்த கரையில் இழுப்பு நீரோட்டம் இருந்ததால் குளிக்கவே விடவில்லை. உயிர்காப்பாளர் இருக்கும் கரைக்கு, பல நாடுகளில் சிவப்பு மஞ்சள் கொடி நட்டிருப்பார்களே அந்த இடத்துக்கு, எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஆறு நிமிடம். வாசலில் கால் கழுவ ஒரு குழாயும் இருந்தது.

அம்மா விஷயத்தில் மட்டும் ரிசார்ட் ஜெயித்தது. தரைத்தள அறை, வழுக்காத குளியலறை. வாடகை வீட்டில் வாசலுக்கே நான்கு படி. அடுத்த தடவைக்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் நான் பணம் கட்ட வேண்டும்.