டைவெர்டிகுலைட்டிஸ் தணிந்த பிறகு: இசப்கோலா, குரக்கனும் கடலையுமா?

பெருங்குடல் சுவரில் பிதுங்கிய சிறு பைகள் வீங்கிப் புண்படுவதுதான் டைவெர்டிகுலைட்டிஸ். அதற்கு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு "நார்ச்சத்து கூட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புவார்கள். எதிலிருந்து கூட்டுவது? மலையகத்தில் கைக்கெட்டும் வழி இரண்டு. பார்மசியில் விற்கும் இசப்கோல் உமி ஒன்று. குரக்கன், கடலை, பயறு, மரக்கறி மற்றது. என் ஓட்டு அடுப்படிக்கு.

ஆனால் அந்தப் பைகள் வீங்கிப் புண்பட்டிருக்கும் நாட்களில் இரண்டுமே வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் கஞ்சித் தெளிவு, வடித்த சூப்பு, பால் சேர்க்காத தேத்தண்ணி. பிறகு குழைந்த வெள்ளைச் சோறு. வலியும் காய்ச்சலும் விட்ட பிறகுதான் நார்ப் பேச்சு. அதையும் வாரத்துக்கு 5 கிராம் அளவில் ஏற்றி, நாளுக்கு 25 முதல் 30 கிராமில் நிறுத்தினால் போதும். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு ஊதி, நோய் திரும்பிவிட்டதோ என்று பயம் பிடிக்கும்.

அளவைப் பார்த்தால், 5 கிராம் இசப்கோலில் நார் ஏறத்தாழ 4 கிராம். அவித்த கடலை ஒரு கோப்பையில் 12 கிராம். குரக்கன் மா 100 கிராமில் 11. வெள்ளைக் கோதுமை மாவில் 3 கிராம்கூட இல்லை. காலையும் இரவும் கோதுமை ரொட்டியும் சம்பலும் என்றிருக்கும் வீட்டில் குறை எங்கே என்பது இதிலேயே தெரியும். குரக்கன் ரொட்டிக்குப் பாதிக்குப் பாதி கோதுமை மா கலந்தால் நாரும் அதற்கேற்ப இறங்கும். துருவிய தேங்காய்ப்பூவைக் கூட்டுங்கள், அதிலும் நார் உண்டு. விலை, ருசி பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

தீர்மானிக்கிற விஷயம் தண்ணீர். இசப்கோல் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துக் கொழகொழப்பாகும். ஒவ்வொரு தேக்கரண்டிக்கும் 240 மில்லிலீற்றர், ஒரு பெரிய கிளாஸ், கட்டாயம். கலக்கியவுடன் குடிக்க வேண்டும், பின்னால் இன்னொரு கிளாஸ் குடித்தால் நல்லது. படுக்கப் போகும் நேரத்தில் கூடாது. நீர் போதாவிட்டால் அது மலத்தை இளக்காமல் அடைப்பாகவே நிற்கும், தொண்டையிலும் சிக்கலாம். நுவரெலியா, ஹட்டன் குளிரில் தாகமே எடுப்பதில்லை. கொழுந்து மலையில் மலசலகூடம் தூரம் என்பதால் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு மூன்று வேளை இசப்கோல் கொடுத்தால் மருந்தே வம்பாகிவிடும். அவித்த கடலை நீரை உள்ளே வைத்துக்கொண்டே வருகிறது, சோறும் மரக்கறியும் அப்படித்தான். அதற்காகத் தண்ணீர் தேவையில்லை என்றாகாது. நாளுக்கு ஒன்றரை, இரண்டு லீற்றர் வேண்டும், பிளேன்டீயும் கணக்கில் சேரும். சிறுநீரகமோ இருதயமோ பலவீனமானவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுப்படி வழியிலும் கோளாறு உண்டு. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருப்பதால் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் கடலை அரைவேக்காடாக நிற்கும், அரைவேக்காடு என்றால் வாயு. 12 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, பிரஷர் குக்கரில் விரலால் நசுங்கும் வரை அவியுங்கள்.

இசப்கோல் வெல்லும் இடமும் இருக்கிறது. பல் இல்லாத முதியவர், கடலை பயறு எவ்வளவு அவிந்தாலும் வயிறு ஊதுகிறவர், பிள்ளைகள் ஊரில் இல்லாமல் தனியே சமைப்பவர் ஆகியோருக்கு, தண்ணீர் ஒழுங்காகக் குடிப்பார்கள் என்றால், அதுதான் சுலபம். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி விடவேண்டும், தைரொயிட்டுக்குக் குடிக்கும் தைரொக்ஸின் என்றால் 4 மணி நேரம். குடல் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னவர்கள் தொடவே கூடாது.

எந்த நாரானாலும் நோய் திரும்பி வராது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் வலுவாக இல்லை, ஆபத்து குறையும் என்பதுவரைதான் சொல்லலாம். கச்சான், கொய்யா விதை பைக்குள் சிக்கும் என்ற பழைய பயத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. உண்மையில் தள்ளவேண்டியது மூட்டுவலிக்கு விழுங்கும் டைக்ளோபெனாக், இப்யூபுரோபன் வகை மாத்திரைகளை. வலிக்குப் பரசிட்டமோல் போதும். இருதயத்துக்கு டாக்டர் எழுதிய அஸ்பிரினை மட்டும் தானாக நிறுத்த வேண்டாம். குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி சொல்லியிருந்தால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் செய்வார்கள், அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள்.

வலி திரும்பினால் நாரை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆசியர்களுக்கு வலப்பக்கத்திலும் இது வரும் என்பதால் அப்பெண்டிஸா இதுவா என்பதை சி.டி. ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். வயிறு பலகைபோல் இறுகினாலோ, 38 பாகைக்கு மேல் காய்ச்சலோ விடாத வாந்தியோ வந்தாலோ, வாயு பிரியாமல் நின்றாலோ, மலத்தில் இரத்தம் போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள்.