ஜாஸ்டா ஷோ: பல வருடங்களாகக் கேட்கும் ஒருவனின் அனுபவம்

ஹேட்பிரீட் குழுவின் பாடல்களை மட்டும் கேட்டவர்களுக்கு ஜேமி ஜாஸ்டா என்றால் தொண்டை கிழியக் கத்துகிற ஆள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் நகரில் 1994இல் தொடங்கிய குழு அது. பங்க் ராக்கின் முரட்டு வகையான ஹார்ட்கோரின் ஆவேசமும் ஹெவி மெட்டலின் கனமும் கலந்த இசை. பாட்டுக்கு மூன்று நிமிடம் இருந்தாலே பெரிது, அதற்குள் அடித்து நொறுக்கி முடித்துவிடுவார்கள். அதே ஜாஸ்டா 2014இல் 'தி ஜாஸ்டா ஷோ' என்று ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேலே, இன்னொருவரோடு உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுவதுதான் நிகழ்ச்சி.

இதை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். விட்டுவிட்டுக் கேட்ட காலமும் உண்டு, வரிசையாகக் கேட்டுத் தீர்த்த காலமும் உண்டு. இசைக்கலைஞர்களின் பேட்டிகளை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன், படித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் செய்வது ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு, செலவு உண்டு, உடம்பு தேய்மானம் உண்டு என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த நிகழ்ச்சிதான்.

பேட்டி எடுப்பது ஜாஸ்டாவுக்குப் புதிதில்லை. எம்டிவியில் பழைய காலத்தில் ஓடிய 'ஹெட்பேங்கர்ஸ் பால்' என்ற மெட்டல் நிகழ்ச்சியை 2003இல் எம்டிவி2 மறுபடி தொடங்கியபோது, அதைத் தொகுத்து வழங்கியவர் அவர்தான். 2007 வரை செய்தார். ஆனால் தொலைக்காட்சியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிடைப்பது சில நிமிடங்கள். புது ஆல்பம் எப்படி இருக்கிறது, டூர் எப்போது, ரசிகர்களுக்கு என்ன சொல்கிறீர்கள், அவ்வளவுதான் கேட்க முடியும். பாட்காஸ்டில் அந்த அவசரம் இல்லை. விருந்தினர் முதல் அரைமணி நேரம் வழக்கமாக ஒப்பிக்கிற பதில்களை ஒப்பித்துத் தீர்த்துவிடுகிறார். அப்புறம்தான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. எனக்குப் பிடித்ததெல்லாம் பெரும்பாலும் பின்பாதியில் வந்தவைதான். அதனால் தொடக்கம் சப்பென்று இருந்தாலும் நான் நிறுத்துவதில்லை.

அவர் கேட்கிற கேள்விகளைச் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர் 'இந்தப் பாடலுக்கு உந்துதல் எது' என்று கேட்பார். ஜாஸ்டாவின் பேச்சு பஸ் வாடகை பக்கம் போகும், டிஷர்ட் விற்பனை பக்கம் போகும், முதல் ஒப்பந்தத்தில் பாடல் உரிமை யாரிடம் போனது என்ற பக்கம் போகும். அவரே குழு நடத்துகிறவர். ஸ்டில்பார்ன் என்ற பெயரில் ரெக்கார்ட் கம்பெனி வைத்திருந்தவர், ஹேட்வேர் என்று துணி வியாபாரமும் செய்தவர். அதனால் கேட்கும்போதே அவருக்குப் பாதி விடை தெரியும். எதிரில் இருப்பவருக்கும் இவருக்குத் தெரியும் என்பது தெரியும். அங்கே பூசி மெழுக இடமில்லை.

டிஷர்ட் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது மேஜையில் குழுவின் டிஷர்ட் விற்கிறார்களே, அந்தப் பணம் முழுவதும் குழுவுக்குப் போகிறது என்றுதான் நாம் நினைப்போம். பல அரங்குகள் அந்த விற்பனையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன, அதுவும் லாபத்தில் அல்ல, மொத்த விற்பனையில். பங்கு 20 சதவீதம் என்று வையுங்கள். 40 டாலர் டிஷர்ட் ஒன்று விற்றால் 8 டாலர் அரங்குக்குப் போய்விடும். துணி வாங்கிய செலவு, அச்சடித்த செலவு, ஊர் ஊராகச் சுமந்து வந்த செலவு, மேஜையில் நின்று விற்றவரின் சம்பளம் எல்லாம் மிச்சமிருக்கும் 32 டாலரில்தான் அடங்க வேண்டும். அன்றைய கச்சேரிக்குப் பேசிய தொகையும் அப்படித்தான். அதில் புக்கிங் ஏஜெண்டுக்கு 10 சதவீதம், மேனேஜருக்கு 15 முதல் 20 சதவீதம் என்பது அந்தத் தொழிலில் வழக்கமான பங்கு. அப்புறம் பஸ், டீசல், ஓட்டுநர், ஒலிப் பொறியாளர். இவ்வளவும் போன பிறகே மேடையில் நின்ற நான்கைந்து பேர் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். 2023 செப்டம்பரில், கச்சேரிகள் நடத்தும் லைவ் நேஷன் நிறுவனம் தன் கிளப் அரங்குகளில் டிஷர்ட் பங்கு எடுப்பதில்லை என்று அறிவித்தது. அந்தச் செய்தி வந்தபோது அதன் அருமை எனக்கு உடனே விளங்கியது என்றால், இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டுப் பழகியிருந்ததுதான் காரணம்.

2020இல் டூர்கள் மொத்தமாக நின்றுபோனபோதும் அப்படித்தான். ரெக்கார்ட் விற்று வாழ்கிற காலம் எப்போதோ போய்விட்டது, மேடைதான் வருமானம் என்று அதுவரை பலர் சொல்லிக் கேட்டிருந்தேன். அந்த மேடையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது அந்த மாதங்களில் அவர்கள் குரலிலேயே தெரிந்தது.

இந்த நிகழ்ச்சியிலிருந்து ஒன்றே ஒன்றைக் கேளுங்கள் என்று யாராவது சொன்னால், டீ ஸ்னைடர் வந்த உரையாடலைத்தான் சொல்வேன். டுவிஸ்டட் சிஸ்டர் என்ற மெட்டல் குழுவில் பாடியவர். 1985இல் அமெரிக்க செனட் குழு, பாடல் வரிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று விசாரணை நடத்தியபோது, இசைக்கலைஞர்கள் ஃபிராங்க் ஜப்பா, ஜான் டென்வர் ஆகியோரைப் போலவே இவரும் நேரில் போய் சாட்சி சொன்னார். கையில்லாத டெனிம் உடையும் விரித்துவிட்ட தலைமுடியுமாக உட்கார்ந்து, தெளிவாக, ஒரு வரி பிசகாமல் பதில் சொன்ன மனிதர். ஆனால் பிற்காலத்தில் அவர் புது மெட்டல் ஆல்பம் எதுவும் போடாமலே இருந்தார். 2015இல் டிரம்மர் ஏ.ஜே. பெரோ இறந்துபோனார், அடுத்த வருடம் டுவிஸ்டட் சிஸ்டர் விடைபெறும் டூரோடு முடிந்தது.

ஜாஸ்டா அவரிடம் நிகழ்ச்சியிலேயே நேராகச் சவால் விட்டார். உங்கள் குரல் இன்னும் போகவில்லை, பழைய பாட்டுகளையே பாடிக்கொண்டிருக்காமல் இந்தக் காலத்து மெட்டல் ஆல்பம் ஒன்று ஏன் செய்யக் கூடாது என்கிற தோரணையில். சாதாரணமாக இப்படிப்பட்ட பேச்சு சிரிப்போடு காற்றில் போய்விடும். இது போகவில்லை. ஜாஸ்டாவே தயாரிப்பாளராக இறங்கினார். இசைக்கலைஞர்களான சார்லி பெல்மோர், நிக் பெல்மோர் சகோதரர்களோடு சேர்ந்து பாடல்கள் தயாராயின. கில்ஸ்விட்ச் எங்கேஜ் குழுவில் முன்பு பாடிய ஹோவர்ட் ஜோன்ஸ் ஒரு பாட்டிலும், அப்போது ஆர்ச் எனிமி குழுவில் இருந்த பாடகி அலிசா வைட்-கிளஸ் இன்னொரு பாட்டிலும் கூடப் பாடினார்கள். 'ஃபார் தி லவ் ஆஃப் மெட்டல்' என்ற பெயரில் 2018 ஜூலையில் ஆல்பம் வெளிவந்தது. 1955இல் பிறந்தவர் ஸ்னைடர். அறுபது தாண்டிய அந்தக் குரலில் இருக்கிற வலுவை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். 2021இல் அதே கூட்டணி இன்னொரு ஆல்பமும் செய்தது.

பேட்டி காண்பவர் விருந்தினரைப் புகழ்வதைப் பார்த்திருக்கிறேன், மடக்குவதையும் பார்த்திருக்கிறேன். 'நீங்கள் இதைச் செய்ய வேண்டும், நான் கூட நிற்கிறேன்' என்று சொல்லி, சொன்னபடியே நின்றதை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. இந்த நிகழ்ச்சி மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு இந்த ஒன்றே போதும்.

விருந்தினர் வரிசையில் மேக்ஸ் கவலேரா, கோரி டெய்லர் போன்ற பெரிய பெயர்கள் உண்டு. அவர்களை வேறு இடங்களிலும் கேட்கலாம். நியூ ஆர்லியன்ஸின் குரோபார் குழுவைச் சேர்ந்த கிர்க் வின்ஸ்டைன் மாதிரி, பெரிய பணம் பார்க்காமல் பல பத்தாண்டுகளாக அதே கனமான இசையை வாசித்துக்கொண்டிருப்பவர்கள் வரும் நாட்கள்தான் எனக்கு முக்கியம். அவரும் ஜாஸ்டாவும் கிங்டம் ஆஃப் சாரோ என்ற குழுவில் சேர்ந்து வேலை செய்தவர்கள். அந்தப் பழக்கம் பேச்சில் தெரியும். இசைக்கு வெளியே இருந்தும் ஆட்கள் வருகிறார்கள், நகைச்சுவை மேடைக்காரர்கள் உட்பட. அவர்களிடமும் ஜாஸ்டா கேட்பது சுற்றிச் சுற்றி அதேதான்: எப்படிப் பிழைக்கிறீர்கள், எது உங்களை விடாமல் ஓட்டுகிறது.

விருந்தினர்கள் இன்னும் பலதரப்பட்டவர்களாக வேண்டும் என்பவர்களுக்கு கிறிஸ் ஜெரிகோவின் 'டாக் இஸ் ஜெரிகோ' உண்டு. மல்யுத்த வீரர் என்றே அவரை நம்மில் பலருக்குத் தெரியும். 1999இல் தொடங்கிய ஃபோஸி என்ற மெட்டல் குழுவின் பாடகரும் அவர்தான். 2013 இறுதியில் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஒரு நாள் மல்யுத்தக்காரர், அடுத்த முறை கிடாரிஸ்ட், அப்புறம் பேய் பிசாசு ஆராய்கிறவர் என்று போகும். 2019 மே மாதம், டபிள்யூடபிள்யூஇயை விட்டு வந்த கையோடு மல்யுத்த வீரர் ஜான் மாக்ஸ்லி இவரிடம் பேசியதை, மல்யுத்தம் பார்க்காதவர்கள்கூடக் கேட்கலாம். பிறர் எழுதிக் கொடுத்த, தனக்குச் சற்றும் ஒட்டாத வசனங்களை வாரா வாரம் பேச வைக்கப்பட்டதில் தன் வேலை மேலேயே தனக்கு வெறுப்பு வந்த கதையை அவர் கொட்டித் தீர்த்தார். ஜெரிகோவும் அதே மேடையில் வருடக்கணக்கில் நின்றவர் என்பதால் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் நான் அதிகம் திரும்பிப் போவது ஜாஸ்டாவிடம்தான். ஜெரிகோ தேர்ந்த மேடைக்காரர், எதையும் சுவையாக்கிவிடுவார். ஜாஸ்டா சுவையாக்குவதற்கு மெனக்கெடுவதில்லை, பட்டறையில் நின்று பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போவார்.

குறை சொல்லாமல் விட்டால் அனுபவம் முழுமையாகாது. ஜாஸ்டா நண்பராகவே பேசுகிறார். விருந்தினர் மேல் சர்ச்சை ஏதாவது இருந்தால், அதைக் குடைந்து குடைந்து கேட்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நின்றுபோயிருந்த மில்வாக்கி மெட்டல் ஃபெஸ்ட் விழாவின் உரிமையை வாங்கி, 2023இல் அதை மறுபடி நடத்தியவரும் அவரே. ஆக, இன்று பேட்டி கொடுக்கிற குழு நாளை அவர் விழா மேடையில் ஏறலாம். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். அவரும் நிறையப் பேசுவார். ஒரு பெயர் காதில் விழுந்தால் போதும், தன் பழைய டூர் கதை ஒன்றுக்குத் தாவிவிடுவார். எனக்கு அது தொந்தரவாக இல்லை, அந்தக் கதைகளும் நல்ல கதைகள்தான். ஆனால் சில இடங்களில் விருந்தினர் ஏதோ ஆழமாகச் சொல்லவந்த நேரத்தில் பேச்சு திசைமாறிப் போவதைக் கேட்டு, 'ஐயோ, அதை விட்டுவிட்டீர்களே' என்று தோன்றியிருக்கிறது.

இனி நடைமுறை விஷயங்கள். ஒன்றேகால் மடங்கு வேகத்தில் கேட்டுப் பார்த்தேன், எனக்குச் சரிவரவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரை உச்சரிப்பு, அதற்குள் தொழில் வார்த்தைகள், ஊர்ப் பெயர்கள், குழுப் பெயர்கள். சாதாரண வேகத்தில் கேட்டாலே காது கொஞ்சம் பழக வேண்டும். சில எபிசோட்கள் கேட்டதும் பழகிவிடும். கெட்ட வார்த்தைகள் தாராளம், அதனால் வீட்டில் ஸ்பீக்கரில் போட வேண்டாம். ஓடுகிற பஸ்ஸில், ஜன்னல் திறந்திருந்தால் பாதி காதில் விழாது. விருந்தினர் தொலைவிலிருந்து இணையத்தில் பேசுகிற நாட்களில் ஒலித்தரம் ஏறி இறங்குவது இந்த வகை நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் பொது. நான் இரவு பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்கிறேன். கை ஒரு வேலையில் இருந்தால் நீண்ட பேச்சு நன்றாக இறங்குகிறது.

இன்னொன்று, செய்தித் தளங்களில் வருகிற துணுக்குகளை வைத்து இந்த உரையாடல்களை எடைபோடாதீர்கள். ஒன்றரை மணி நேரப் பேச்சில் காரமான ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துத் தலைப்பாகப் போட்டுவிடுகிறார்கள். முழுதாகக் கேட்டால் அந்த வரிக்கு முன்னால் ஒரு சிரிப்பு இருக்கும், பின்னால் 'அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்' என்ற வாக்கியம் இருக்கும்.

இதையெல்லாம் கேட்டபின் என் பழக்கம் ஒன்று மாறியிருக்கிறது. பிடித்த குழுவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், டிஷர்ட்டோ சிடியோ குழுவின் சொந்தத் தளத்திலேயே வாங்குகிறேன். தபால் செலவு அதிகம்தான், இந்தியா வந்து சேர நாளும் ஆகும். ஆனால் நடுவில் பங்கு கேட்கிற கைகள் குறைவு.

மெட்டல் கேட்டே பழக்கமில்லாதவர்களும் இதைத் தொடங்கலாம், பாட்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு ஓரளவு பெயர் தெரிந்த விருந்தினர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், முதல் அரைமணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக, பெயரே கேள்விப்படாத ஒருவரின் எபிசோடைப் போடுங்கள். குழுவில் பாடகரும் கிடாரிஸ்டும் அல்லாத ஒருவர், பேஸ் வாசிப்பவரோ டிரம்ஸ் வாசிப்பவரோ கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்களை யாரும் அதிகம் கேட்பதில்லை என்பதால், சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது.