எண் புத்தகமா, கதைப் புத்தகமா?

காரைக்குடிக்கு அருகே ஒரு கிராம வாசகசாலையில் மாலை வேளைகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பக்கத்துக்கு ஓர் எண்ணாகப் பத்து வரை அடுக்கிய எண் புத்தகத்தை வாங்குவதா, கணக்கைக் கதைக்குள் பொதிந்து வைத்த படப்புத்தகத்தை வாங்குவதா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது.

எண் புத்தகத்தில் எண்ணுருவும் எண்ணின் பெயரும் பொருள்களும் ஒரே பக்கத்தில் சேர்ந்திருப்பது நல்ல வசதிதான். ஆனால் இரண்டாம் முறை புரட்டும்போதே பிள்ளைக்கு வரிசை மனப்பாடமாகிவிடுகிறது. ஏழு குருவிகளை விரல் வைத்துச் சரியாக எண்ணி முடித்த ஒரு பையனிடம் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டேன், அவன் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, அந்தக் குறையைப் புத்தகம் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

கதைப் புத்தகம் வேறு விதமாக வேலை செய்கிறது. கூடையில் எட்டு மாம்பழம் என்கிறது வரி; படத்தில் கண்ணுக்குத் தெரிபவை ஐந்துதான். "மூணு அடியில கிடக்கு டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. கழித்தல் குறியை அறியாமலே அவள் கழித்துவிட்டாள். இந்த வாய்ப்பு எண் புத்தகத்தில் அரிது, ஏனெனில் அங்கே எதுவும் மறைந்திருப்பதில்லை. ஆயினும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டால் கதை மட்டுமே மிஞ்சும்; பக்கத்துக்குப் பக்கம் நிறுத்திக் கேள்வி கேட்டால் கதையும் மிஞ்சாது. ஒரு கதைக்கு இரண்டு இடங்களில் மட்டும் நிறுத்துவது என் வழக்கம். ஓவியர் ஒரு பழத்தைக் கூடுதலாக வரைந்துவிடுவதும் உண்டு என்பதால், வாங்குமுன் நானே எண்ணிப் பார்த்துவிடுகிறேன்.

புத்தகமே எதற்கு, வீட்டில் பல்லாங்குழி இருக்கிறதே என்பார்கள் எங்கள் பக்கத்து ஆச்சிகள். எண்ணப் பழக அதுவே மேல் என்று நானும் ஒப்புக்கொள்வேன். பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. நான்கு சேர்ந்தால் பசு என்று அள்ளிக்கொள்ளும் பிள்ளை, எண்ணாமலே நான்கை அடையாளம் காணக் கற்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாததை ஊகித்து வாயால் விளக்கும் பழக்கத்தை மட்டும் அது அவ்வளவாகத் தருவதில்லை.

2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுவரில் பெரிதாகக் காட்டலாம். ஆனால் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டிய விரலுக்குச் சுவர் எட்டுவதில்லை. ஆகவே எண்ண வேண்டிய பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு 2022-இல் கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பயிற்சி நூல்கள் பள்ளியிலேயே கிடைப்பதால், வாசகசாலைக்கு எண் புத்தகம் ஒன்று போதும். மீதிப் பணத்தில் கதைப் புத்தகங்களை, தலைப்புகளைக் குறைத்தேனும், ஒவ்வொன்றிலும் நான்கு பிரதிகளாக வாங்குவதே என் தேர்வு.