எழுபது தாண்டிய அம்மாவுக்கு மமோகிராமா, கைப் பரிசோதனையா?

மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான ஒக்டோபர் பிறந்தால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கு எடுக்கும் கோல்களில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும்: "அம்மா, மமோகிராம் எடுத்தனீங்களோ? காசு போட்டு விடுறன், தனியார் ஆஸ்பத்திரியில எடுங்கோ."

கேள்வியில் பிழையில்லை. மமோகிராம் என்பது மார்பைத் தட்டுகளுக்கிடையில் அமத்தி எடுத்து, மார்புப் புற்றுநோயைத் தேடும் எக்ஸ்றே. இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான், வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும். ஆனால் அந்தப் பிள்ளைகள் வாழும் நாடுகளிலேயே மமோகிராமுக்கான அழைப்புக் கடிதம் ஒரு வயதோடு நின்றுவிடுகிறது. பிரித்தானியாவில் 50 வயதிலிருந்து 71ஆவது பிறந்தநாள் வரை 3 வருடத்துக்கு ஒருமுறை. பிறகு வேண்டுமென்றால் தாங்களே கேட்டுப் போகவேண்டும். ஒன்ராறியோவில் 74 வரை. அமெரிக்க வழிகாட்டல் 40 முதல் 74 வரை 2 வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறது. 75க்கு மேல் எடு என்றோ விடு என்றோ சொல்ல ஆதாரம் போதாது என்கிறது. இலங்கையில் இப்படிக் கடிதம் போட்டு மமோகிராமுக்குக் கூப்பிடும் திட்டமே இல்லை. ஆகவே முடிவு வீட்டுக்காரரின் தலையில்.

கட்டி, நோ ஒன்றும் இல்லாத அம்மாமாரைப் பற்றித்தான் கதைக்கிறேன்.

மமோகிராமின் பலம், கைக்குப் பிடிபடாத சின்னக் கட்டியையும் காட்டுவது. வயதானவர்களுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும். இளம் வயதில் மார்பு இறுக்கமான திசுவாக இருப்பதால் படம் வெள்ளையாக மங்கும். பிறகு கொழுப்புக் கூடக்கூடப் படம் தெளியும். "அந்தத் தட்டு அமத்துறது நோகுமாம், அதுக்குப் பதிலா ஸ்கான் எடுப்பம்" என்பவர்களுக்கும் இதுதான் பதில். ஸ்கான் (அல்ட்ராசவுண்ட்) மமோகிராமுக்குத் துணை, மாற்று அல்ல. எடுக்கப் போகிற அன்று அக்குளில் பவுடர் போடாதீர்கள். அந்தத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து, இல்லாத பிரச்சினையைக் கிளப்பும்.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரித்தானியாவில் 2012இல் ஒரு சுயாதீனக் குழு போட்ட கணக்கு: 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை 20 வருடம் அழைத்துப் பரிசோதித்தால் 43 மரணம் தவிர்க்கப்படும், ஆனால் 129 பேருக்கு, வாழ்நாளில் ஒரு தொல்லையும் தந்திருக்காத புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, ஒபரேசனும் மருந்தும் நடக்கும். வயது போகப் போக இந்தத் தராசு இன்னும் சாயும். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பரிசோதனையைத் தொடர்ந்த பெண்களுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களில் இப்படித் தேவையில்லாமல் பிடிபட்டவை 70–74 வயதில் 31%, 75–84 வயதில் 47% என்று மதிப்பிட்டது. அதோடு, 1000 பேரைப் பரிசோதித்து ஒரு மரணத்தைத் தவிர்த்த பலன் தெரிய ஏறத்தாழப் பத்து வருடம் செல்லும். செலவு உடனே, வரவு பத்து வருடம் கழித்து.

கைப் பரிசோதனையை நம் ஆட்கள் குறைத்துத்தான் மதிக்கிறார்கள், மிஷின் இல்லையே! சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் இது இலவசம். 35, 45 வயதுக்காரரை முக்கியமாகக் கூப்பிட்டாலும், மற்றவர்களும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒழுங்காகச் செய்தால் முதலில் இருத்திவைத்து, கையை உயர்த்தச் சொல்லி, தோலில் குழி விழுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு படுக்கவைத்து, நடு மூன்று விரல்களின் தசைப்பகுதியால் காறை எலும்பிலிருந்து அக்குள் வரை தடவுவார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்தால் அது பரிசோதனையே அல்ல. மும்பையில் ஒன்றரை இலட்சம் பெண்களை 20 வருடம் தொடர்ந்த ஆய்வில், 2 வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் பார்த்ததில், 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே மார்புப் புற்றுநோய் மரணம் சுமார் 30% குறைந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 35–64 வயதினர் என்பதையும் சொல்லவேண்டும்.

தாங்களே மாதாமாதம் தடவிப் பார்ப்பது? ஷாங்காயில் 266,064 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் மரணம் குறையவில்லை, தேவையற்ற பயொப்ஸிதான் (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) கூடியது. முழுகும்போது புதிதாக ஏதும் தட்டுப்பட்டால் ஒளிக்காமல் சொன்னால் போதும்.

சரி, என் முடிவு. பிறஷர் குளிசை ஒன்றோடு, நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடந்தே போய்வரும் 71 வயது அம்மாவா? மமோகிராம் எடுக்கலாம், 75 வயது வரை 2 வருடத்துக்கு ஒருமுறை. பழைய படங்களை எறியவேண்டாம், அடுத்த முறை ஒப்பிட உதவும். இருதய வருத்தம் முற்றி, சலரோகத்தால் சிறுநீரகமும் பழுதான 78 வயது அம்மாவா? மமோகிராமை விடுங்கள்; வருடத்துக்கொருமுறை வைத்தியர் கையால் பார்த்தால் போதும். இடைப்பட்டவர்களிடம் முதலே கேட்கவேண்டியது: "ஏதும் கண்டால் ஒபரேசனுக்குச் சம்மதமோ?" இல்லையென்றால் எடுத்து என்ன பலன்? பதில் சொல்லவேண்டியவர் அம்மா, ரொறன்ரோ மகள் அல்ல.

புதுக்கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, தோடம்பழத் தோல் போலத் தடித்த தோல் கண்டால் மேலே சொன்ன வயதுக் கணக்கு ஒன்றும் செல்லாது. 85 வயதென்றாலும் பெரியாஸ்பத்திரிக்கோ தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய்க் காட்டவேண்டும். வயதானவர்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஹோர்மோன் குளிசைக்குக் கேட்பவை. ஒபரேசன் தாங்கமாட்டார் என்று பயந்து வீட்டில் வைத்திருக்கவேண்டியதில்லை.