வாசலில் 41 போன், மாடியில் 6: படிப்பக வைஃபையுடன் மூன்று வருடம்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்து மூன்று வருடம் ஆகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள். வாசல், கீழ் ஹால், மாடி என்று மூன்று ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி, சுருக்கமாக ஏபி). மூன்றுக்கும் பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றுதான்.

முதல் மாதமே ஒரு தங்கை வந்து, "அண்ணா, ஏபிக்கு நேர் கீழதான் உட்கார்ந்திருக்கேன், மாக் டெஸ்ட் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். பட்டியலைத் திறந்தால் வாசல் ஏபியில் 41 போன், மாடியில் 6. எல்லாரும் வாசல் வழியாகத்தானே வருகிறார்கள்? செருப்பைக் கழற்றும்போது பிடித்த ஏபியை மாடி ஏறிய பிறகும் போன் விடுவதில்லை. எந்த ஏபியில் இருப்பது என்று முடிவெடுப்பது போன்தான். ஐபோனை எடுத்துக்கொண்டால், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகப் பலம் குறைவு) கீழே இறங்கினால்தான் வேறு ஏபியைத் தேடவே ஆரம்பிக்கும். எங்கள் வாசல் ஏபி முழுப் பவரில் இருந்ததால் மாடியிலும் மைனஸ் 65 கிடைத்தது. அப்புறம் எப்படி நகரும்?

அப்போதைய ஏபிகளில் 'லோடு பேலன்சிங்' என்று ஒரு வசதி இருந்தது. 25 பேருக்கு மேல் போனால் புதியவரைச் சேர்க்காது. ஆசையாகப் போட்டேன். மறுநாள் காலை வந்தவர்களுக்கு 'இணைக்க முடியவில்லை'. சில போன்கள் மூடிய கதவையே தட்டிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டவர்களை அது தொடவே இல்லை. இரண்டே நாளில் எடுத்துவிட்டேன். தலையை எண்ணினால் சுமை தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. சும்மா கிடக்கும் 20 போனைவிட, தூரத்திலிருந்து 6 எம்பிபிஎஸ்ஸில் வீடியோ இழுக்கும் ஒரே போன் சேனலை, அதாவது எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளும் அலைவரிசையை, அதிக நேரம் பிடித்துக்கொள்ளும். அதே சேனலில் இருக்கும் அத்தனை பேரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

உண்மையில் கைகொடுத்தது பவரைக் குறைத்ததுதான். வாசல் ஏபியை 20 டிபிஎம்மிலிருந்து 8க்கு இறக்கினேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்காருபவர்களுக்கு அறுந்தது. 11க்கு ஏற்றியதும் சரியாக உட்கார்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்களை ஏபிக்கு ஒன்றாகப் பிரித்தேன். சேனலை அதிக நேரம் பிடித்துக்கொள்ளும் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகங்களையும் நிறுத்தினேன். பாதிக்கு மேல் புகார் இதிலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் வருடம் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர், ஏபிகளுக்கான திறந்த மூல இயங்குதளம்) போட்ட ஏபிகளுக்கு மாறினோம். 802.11கே என்ற வைஃபை வசதி இருந்தால் பக்கத்து ஏபிகளின் பட்டியலைப் போனுக்குக் கொடுக்கலாம்; 802.11வி இருந்தால் 'அங்கே போ' என்று சொல்லலாம். யூஸ்டீர் என்ற மென்பொருள் மூன்று ஏபிகளையும் ஒன்றோடொன்று பேசவைத்து இதைக் கவனித்துக்கொள்கிறது. சுமை கூடினால் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பும் அதில் உண்டு. அதை நான் ஆன் செய்யவே இல்லை. ஆன்லைன் டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் தள்ளிவிட மனசு வராது.

இன்று காலை பத்து மணிக்கு வாசலில் 13, கீழ் ஹாலில் 22, மாடியில் 19. 802.11வி தெரியாத பழைய போன்கள் நான்கைந்து இன்னும் வாசலையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. மாடி ஏறியதும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடும்படி அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.