தண்ணீரில்லாமல் கார் துடைத்துத் தருகிறோம் என்று வீடு தேடி வருபவர்களிடம் கவனம் – சேலம் மக்களுக்கு

அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கத்து அடுக்ககங்களில் ஒரு குழு சுற்றிக்கொண்டிருக்கிறது. 'வாட்டர்லெஸ் வாஷ், ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், உங்க பார்க்கிங்லயே வண்டியைப் புதுசாக்கித் தர்றோம்' என்று ஆண்டுச் சந்தா பிடிக்கிறார்கள். என்னிடம் 5,400 ரூபாய் வாங்கினார்கள். இன்று என் வண்டியின் பெயிண்ட் முழுக்க வளைய வளையமாகக் கீறல். பணமும் திரும்பவில்லை. புகார் கொடுத்திருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நாளைக்கே வேறு பெயரில் வருவது இவர்களுக்குப் பெரிய காரியமும் இல்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுவிடலாம். அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் இந்தச் சேவை எடுபடுவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேட்டூர்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபிறகு பானெட் முழுக்க வெள்ளைத் திட்டு. ஹோஸ் பிடித்து ஒரு காரைக் கழுவினால் நூறு லிட்டருக்கு மேல் போகும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்ககத்தில் அப்படிக் கழுவ மனசும் வராது, அக்கம்பக்கத்தாரும் விடமாட்டார்கள். இந்த நேரத்தில் ஒருவர் கையில் ஸ்ப்ரே பாட்டிலோடு வந்து நின்றால் யாரும் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்வார்கள்.

டெமோவை நன்றாகவே செய்து காட்டினார்கள். எங்கள் மாடிவீட்டுக்காரரின் வெள்ளைக் காரில், பானெட்டின் ஒரு பாதியை மட்டும் துடைத்தார்கள். புதுத் துணி, தடிமனான மைக்ரோஃபைபர். பாட்டிலைத் தாராளமாக அடித்தார்கள். துடைத்த பாதி பளபளவென்று நிற்க, துடைக்காத பாதி மங்கலாகத் தெரிய, பார்த்தவர்கள் எல்லோரும் அங்கேயே பெயர் கொடுத்தார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த வெள்ளைக் காரைத் தேடிப் பிடித்தது தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். வெள்ளையிலும் சில்வரிலும் மெல்லிய கீறல் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பில் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். என் வண்டி கருநீலம்.

சந்தா கட்டியபிறகு வேலைக்கு வந்தது வேறொரு பையன். இருபது வயது இருக்கலாம். கையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்று, சாம்பல் நிறத்துக்கு மாறிப்போன துணி ஒன்று. அந்த ஒரு பாட்டிலில்தான் எங்கள் அடுக்ககத்து வண்டிகள் எல்லாம் முடிய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கதவுக்கு இரண்டு முறை பீச்சுவான், உடனே வட்டம் வட்டமாகத் தேய்ப்பான். கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேலே மண் ஒட்டியிருக்கும் இடம், அதைத் துடைத்த அதே துணி அடுத்து பானெட்டுக்குப் போகும். துணி ஒருமுறை கீழே விழுந்தது. எடுத்து உதறிவிட்டு மறுபடியும் தேய்த்தான். பக்கத்தில் நின்றால் நறநறவென்று சத்தம் கேட்டது.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார். "தம்பி, ஒரே துணியிலயா முழு வண்டியும் துடைப்பீங்க? மண்ணு அரைக்கிற சத்தம் கேக்குதே."

"அது ஒண்ணும் ஆகாதுங்கய்யா. இதுல நானோ இருக்கு, மண்ணைத் தூக்கிடும்" என்றான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அரை லிட்டர் மருந்தையும் ஒற்றைத் துணியையும் கொடுத்து ஒரு அடுக்ககத்தையே முடித்து வா என்று அனுப்பியவர்கள்மேல்தான் கோபம்.

நம் ஊர்த் தூசியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் மேக்னசைட் வெட்டும் இடங்களிலிருந்து வரும் வெள்ளைத் தூசி ஓரளவு மென்மையானது. கெட்டித்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 4-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் பைபாஸில் லாரிகள் கிளப்பிவிடும் மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது 7. கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் மேல்பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான், நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. வெயிலிலிருந்து கீழே இருக்கும் நிறத்தைக் காப்பதே அந்தப் பூச்சுதான். அதன்மேல் காய்ந்த மணலை வைத்து வட்டமாகத் தேய்த்தால் என்ன ஆகும்?

ஆனால் அன்றைக்குக் கீறல் எதுவும் தெரியவில்லை. வண்டி மின்னியது. இந்த ஏமாற்றின் முக்கியமான இடமே இதுதான். அவர்கள் அடித்த திரவத்தில் சிலிக்கான் எண்ணெய் மாதிரி ஏதோ கலந்திருக்கிறது. விழுந்த கீறலுக்குள் எண்ணெய் போய் நிரம்பிக்கொள்ளும். மேலே ஒரே சீராகப் பளபளக்கும். அடுத்த வாரம் அவர்கள் வந்து மேலே இன்னொரு பூச்சு போடுவார்கள். நாம் நன்றாகத்தான் துடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்போம், அடியில் கீறல் கூடிக்கொண்டே போகும். நல்ல மழையில் ஒருமுறை நனைந்து, சோப்பு போட்டுக் கழுவியபிறகுதான் உண்மை வெளியே வரும்.

எனக்கு அது வெளியே வந்தது ஏற்காட்டில். பெயிண்டைவிட அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது முன்கண்ணாடி.

ஏற்காட்டிலிருந்து இறங்கத் தாமதமாகி இருட்டிவிட்டது. மேலே சாரல். அடிவாரம் வரைக்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வைப்பரைப் போட்டேன். தண்ணீர் வழிந்து போவதற்குப் பதிலாகப் பால் ஊற்றியமாதிரி ஒரு படலம் கண்ணாடி முழுக்கப் பரவியது. மறுபடி வைப்பர், வாஷரிலிருந்து தண்ணீர், எதற்கும் போகவில்லை. வளைவில் எதிரே ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தபோது அந்தப் படலம் முழுக்க வெளிச்சம் பரவி, சாலையின் ஓரம், தடுப்புச் சுவர், வெள்ளைக் கோடு எதுவுமே தெரியவில்லை. பின்னால் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அகலமான ஓர் இடம் பார்த்து ஓரங்கட்டி, இருந்த குடிதண்ணீரை ஊற்றி, அப்பாவின் துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்து, ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்துக்கொண்டே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக இறங்கினேன். அந்தப் பையன் பானெட்டுக்கு அடித்த அதே மருந்தைத்தான் கண்ணாடிக்கும் அடித்துத் துடைத்திருந்தான். பகலில், வெயிலில் எதுவும் தெரியாது. இரவில் மழை பெய்தால்தான் தெரியும்.

யாராவது உங்கள் வண்டிக்கு இப்படி ஏதாவது அடித்திருந்தால் மலை ஏறுவதற்கு முன்னால் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி வைப்பர் போட்டுப் பாருங்கள். படலம் தெரிந்தால் பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து கண்ணாடியை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், வைப்பர் ரப்பரின் ஓரத்தையும் துடையுங்கள். டயருக்கு பாலிஷ் அடிக்கிறேன் என்று சக்கரத்துக்குள்ளே ஸ்ப்ரே பீச்சினாலும் விடாதீர்கள். பிரேக் டிஸ்க்கில் எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் பிடிக்காது.

மறுவாரம் வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டுக் கழுவி எடுத்தபிறகு, சீலநாயக்கன்பட்டி பக்கம் டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்கிற ஒருவரிடம் காட்டினேன். அவர் வண்டியை நிழலுக்குள் எடுத்து, மொபைல் டார்ச்சைப் பானெட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வளையம் வளையமாகக் கோடுகள். டார்ச்சை எங்கே நகர்த்தினாலும் வலையும் கூடவே நகர்ந்தது.

"இது வண்டி ஓடி விழுந்த கோடு இல்லம்மா, துணியில விழுந்தது" என்றார். கதவின் கீழ்ப்பக்கம் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். இரண்டு இடத்தில் நகம் மாட்டியது. "மேல இருக்கிறது ரப்பிங் போட்டா முக்காவாசி போயிடும். நகம் மாட்டுற கோடு போகாது. போகுற வரைக்கும் தேய்ச்சா கிளியர் கோட்டும் சேர்ந்து போயிடும்."

ஒவ்வொரு தடவை ரப்பிங் கம்பவுண்டு என்ற பசையைப் போட்டுத் தேய்க்கும்போதும் மேல்பூச்சில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதனால் அடிக்கடி செய்யக்கூடாது என்றும் சொன்னார். வேலை பிடிப்பதற்காக எதையும் கூட்டிச் சொல்லாமல், முடிவதை முடியும், முடியாததை முடியாது என்று சொன்ன அந்த மனிதருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சந்தா பிடித்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மேடம், அது பழைய கீறல். எங்க வாஷ் அழுக்கை எடுத்ததால இப்போ தெரியுது" என்றார். அப்புறம் அதே மூச்சில், "செராமிக் கோட்டிங் போட்டுட்டா எல்லாம் மறைஞ்சிடும், சந்தாதாரர்னால உங்களுக்கு 14,000-க்கு முடிச்சுத் தர்றேன்" என்றார். கீறிய கையே மருந்தும் விற்க வருகிறது. இன்னொன்று, செராமிக் கோட்டிங் கீறலை மறைக்காது. அது கண்ணாடி மாதிரித் தெளிவான மெல்லிய பூச்சு. அடியில் இருக்கும் கீறலை அப்படியே உள்ளே வைத்து மூடிவிடும். கோட்டிங் போடுவதற்கு முன்னால் பாலிஷ் போட்டுக் கீறலை எடுப்பதுதான் முறை.

இதைப் படித்துவிட்டு வாட்டர்லெஸ் வாஷே மோசம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். தண்ணீர் இல்லாத ஊரில் அது உண்மையிலேயே உதவும் பொருள், இப்போதும் நானே வீட்டில் செய்கிறேன். நல்ல திரவத்தில் அழுக்கை இளக்கும் பொருளும் வழவழப்புக் கொடுக்கும் பொருளும் இருக்கும். இரண்டும் சேர்ந்து தூசியைச் சுற்றிக்கொண்டு, தூசிக்கும் பெயிண்டுக்கும் நடுவே ஒரு வழுக்கலை உண்டாக்கும். அந்த வழுக்கல் இருந்தால்தான் கீறல் விழாது. ஆகவே அடிக்கிற அளவு முக்கியம்: ஒரு சின்னக் காருக்கே நூறு மில்லிக்குக் குறையாமல் செலவாகும். அதைக் கேட்டாலே அரை லிட்டரில் ஒரு அடுக்ககத்தை முடிக்கிற கணக்கு என்ன கணக்கு என்று புரிந்துவிடும்.

நிழலில், பானெட் தொட்டால் சூடில்லாதபோது, மேலிருந்து கீழாக ஒரு பகுதிக்கு அடித்து அரை நிமிடமாவது ஊற விடுங்கள். துணியை நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். அழுத்தாமல், ஒரே திசையில் ஓர் இழுப்பு. உடனே துணியின் அடுத்த பக்கத்துக்கு மாறுங்கள். எட்டும் அழுக்கானால் வேறு துணி. ஒரு காருக்கு ஐந்தாறு துணி வேண்டும். சக்கரத்துக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துணி, அது மேலே வரவே கூடாது. கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் தொடக்கூடாது.

இது மெல்லிய தூசிக்கு மட்டும்தான். மழையில் ஏற்காடு போய் வந்து சக்கரத்துக்கு மேலே செம்மண் அப்பிக்கிடக்கும் வண்டியை இப்படித் துடைக்கவே கூடாது. அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கியாக வேண்டும், வேறு வழியில்லை. நடுத்தரமான அழுக்குக்கு ரின்ஸ்லெஸ் என்று இன்னொரு வகை இருக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரில் மூடியளவு ஊற்றி, அதில் நனைத்த துணியால் துடைப்பது; அப்புறம் அலச வேண்டியதில்லை. ஒரு பக்கெட்டில் வேலை முடிந்துவிடும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் இப்போது அதுதான்.

யாராவது வீட்டுக்கு வந்து செய்து தருகிறேன் என்றால் முதலில் எத்தனை துணி கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து பாட்டில். எங்களுக்கு அடித்த பாட்டிலில் ஒரு நட்சத்திரப் படமும் ஆங்கிலத்தில் ஒரு பெயரும் மட்டும்தான் இருந்தன. தயாரித்தவர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், விலை, புகார் எண் எதுவுமில்லை. பாக்கெட்டிலும் பாட்டிலிலும் விற்கிற பொருளுக்கு 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி இதெல்லாம் கட்டாயம். நான் பணம் அனுப்பிய யுபிஐயில் நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனிநபர் பெயர்தான் இருந்தது. ரசீது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, அதில் ஜிஎஸ்டி எண் கிடையாது.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் முகவரி வெளியூர் என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு வேண்டிய படங்கள், யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, பெயிண்டர் எழுதிக்கொடுத்த செலவு மதிப்பீடு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் அடுக்ககத்தில் சந்தா கட்டிய மற்றவர்களும் நேற்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அடர்நிற வண்டிகள் எல்லாவற்றிலும் அதே வளையங்கள். அவர்களும் என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். சூரமங்கலம், குகை, கொண்டலாம்பட்டி பக்கம் இதே போல் பணம் கட்டியவர்கள் இருந்தால், அடுத்த வாரம் அவர்கள் துடைக்க வருவதற்கு முன்னால் வண்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, நிழலில் நிறுத்தி டார்ச் அடித்துப் படம் எடுத்து வையுங்கள். மேலே இன்னொரு பூச்சு விழுந்துவிட்டால் கீறல் மறைந்துவிடும், ஆதாரமும் மறைந்துவிடும்.